போர்டில் இருக்கும் வீடு

கோயமுத்தூர்க்காரர்கள் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். 'பாக்கலாமுங்க' என்பார்கள். மறுப்பு, அனுதாபம், வாசல்வரை வந்து வழியனுப்புவது எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆகும். கோட்டைமேட்டிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணமும் முடித்து, கல்லூரியில் பிள்ளைகளுக்கு வரலாறு வேறு நடத்திக்கொண்டிருந்த எனக்கு இது முப்பத்தைந்து வயதில்தான் புரிந்தது. அதுவும் ஒரு லோடு ஆட்டோ நிறையச் சாமானோடு ரோட்டில் நின்றபோது.

அந்த நாளில் எங்களுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்குக் காற்று வேண்டும்.

எங்கள் வீடு ஒரு சந்துக்குள், மாடியில். கீழே பாத்திரத்துக்கு பாலீஷ் போடும் பட்டறை. அம்மாவுக்கு ஆஸ்துமா. பட்டறையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் மாடியில் அம்மாவின் நெஞ்சும் ஓட ஆரம்பித்துவிடும். மொத்தமே இரண்டு அறை, நடுவில் ஒரு சின்னக் கூடம். ஒன்றில் அண்ணன் குடும்பம். இன்னொன்றில் நான், மனைவி நசீமா, அம்மா. காத்தோட்டமான இடத்துக்குக் கூட்டிப் போங்கள், மருந்தெல்லாம் அப்புறம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வீடு தேடக் கிளம்பிவிடுவேன். கணபதி, சரவணம்பட்டி, துடியலூர் என்று டு-லெட் பலகை தொங்கிய வீதியெல்லாம் எனக்கு மனப்பாடம். யாரும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். காலேஜ் லெக்சரர் என்றதும் முகம் மலரும். அப்புறம் 'பேருங்க?' என்பார்கள். அப்துல் ரசாக் என்பேன். அவ்வளவுதான், வீட்டுக்காரருக்குத் தன் மச்சினன் ஞாபகம் வந்துவிடும். பெங்களூரில் இருந்த மச்சினன், ஓசூரில் இருந்த மச்சினன், எல்லாரும் நான் பெயரைச் சொன்ன மறுநிமிடமே கோயமுத்தூருக்கு மாற்றலாகிவிடுவார்கள். (அத்தனை மச்சினன்களும் நிஜமாகவே வந்து குடியேறியிருந்தால் ஊருக்குச் சிறுவாணித் தண்ணீர் பத்தியிருக்காது.)

நான் வேலை பார்த்த கல்லூரி சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம். ஒரு கோடை விடுமுறையில் அது கலை அறிவியல் கல்லூரியிலிருந்து லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியாக உயர்ந்துவிட்டது. வாசல் வளைவை மாற்றினார்கள், பிள்ளைகளின் யூனிபாரத்தை மாற்றினார்கள், கேண்டீனில் போண்டா விலையை மாற்றினார்கள். வரலாறு நடத்திய நான் மட்டும் மாறவில்லை. அடுத்து, தரம் பார்க்க ஒரு கமிட்டி வரப்போகிறது என்றார்கள். முன்பெல்லாம் கட்டடத்தையும் கம்ப்யூட்டரையும் பார்ப்பார்கள். இப்போது எல்லா ஜனங்களும் கல்லூரியில் இருக்கிறார்களா, இருக்கிறவர்களைச் சமமாக நடத்துகிறீர்களா என்றும் பார்க்கிறார்களாம். அதற்கு ஒரு குழு வேண்டுமாம், 'பன்முகத்தன்மை மற்றும் அனைவரையும் உள்ளடக்கும் குழு' என்ற பெயரில். இதைச் சொல்லிவிட்டு எங்கள் தாளாளர் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"நம்ம ரசாக் சார உட்டா வேற யாருங்க?" என்றார் தாளாளர்.

குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக எனக்கு என்ன தகுதி என்று நான் கேட்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டாலே தகுதி தெரிந்துவிடுமே. கூட இன்னொரு உறுப்பினர், நூலகர் ஸ்டெல்லா மேடம். சோமனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். ஆக, எங்கள் கல்லூரியின் பன்முகத்தன்மை மொத்தத்தையும் ஒரே டூ-வீலரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

நானோ உருகி உருகி வேலை செய்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் பிள்ளைகள் அவரவர் ஆட்களோடு மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்குவதை எப்படி மாற்றலாம் என்று பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். 'பிரமாதமுங்க தம்பி' என்று தாளாளர் அதை வாங்கி மேஜையில் வைத்து, அதன்மேல் காபி டம்ளரையும் வைத்தார். அதற்கே எனக்குப் புல்லரித்தது. அப்படி ஒரு ஏமாளி நான்.

கல்லூரிக்குப் பின்னால் ஆசிரியர் குவார்ட்டர்ஸ் இருந்தது. வரிசையாக வீடுகள், வாசலில் வேப்பமரங்கள், மேற்கே பார்த்தால் மலை. ஏழாம் நம்பர் வீடும் எட்டாம் நம்பர் வீடும் எப்போதும் காலியாகவே கிடக்கும். ஏழாம் நம்பரை அம்மாவுக்காக இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்கலாமுங்க என்றார்கள். அங்கே இருக்கிற குடும்பங்கள் எல்லாம் சைவம், யாருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று மேலாளர் நாச்சிமுத்து ஒருதரம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். (ஞாயிறு காலையில் அந்தக் குவார்ட்டர்ஸ் கேட்டில் பையோடு நிற்கும் கோழிக்கடைக்காரரை நானே பார்த்திருக்கிறேன். அவர் கொத்தமல்லி கொண்டுவந்திருக்கலாம், யார் கண்டது?)

கமிட்டி வர ஒரு வாரம் இருக்கும்போது நாச்சிமுத்து அண்ணன் என்னைத் தேடி வகுப்புக்கே வந்தார். கையில் சாவி. ஏழாம் நம்பர் வீட்டுச் சாவி. நான் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.

"குடும்பத்தோட வந்துருங்க சார். ஐயா சொல்லிப்போட்டாரு" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாமானெல்லாம் ரொம்ப வேண்டாமுங்க. எதுக்கு உங்களுக்குச் சிரமம்?" என்றார்.

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன்.

"இல்லீங்க, ஒரு பாய், தலகாணி, நாலு சேரு..."

"எல்லாத்தையும் கொண்டாந்தர்றேனுங்க. நீங்க கவலப்படாதீங்க."

அண்ணன் சாவியை என் கையில் வைத்தார். எத்தனை நாளைக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் கொங்குநாட்டு மரியாதைக்காரர்கள் இல்லையா. வேறு ஊராக இருந்திருந்தால் ஒரே கேள்வி, ஒரே பதிலில் விஷயம் முடிந்திருக்கும். வீட்டில் நசீமா கேட்கத்தான் செய்தாள். "ஏனுங்க, எத்தன நாளைக்குன்னு கேட்டீங்களா?" என்றாள். வீடு கொடுத்தவரிடம் போய் அப்படியெல்லாம் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று அவளை அடக்கினேன். படித்த முட்டாளுக்கு வாய் நீளம்.

எங்கள் அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பினோம். பீரோ, கட்டில், கிரைண்டர், அம்மாவின் மருந்துப் பெட்டி, ஆவி பிடிக்கும் மெஷின், காலமான அத்தாவின் பழைய ஈஸி சேர் வரைக்கும் ஏற்றினோம். பக்கத்து வீட்டுச் சைவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அம்மா கருவாட்டு டப்பாவை மட்டும் என் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டாள். (அதற்கு நாங்கள் செய்த அஞ்சலி தனி.) அண்ணன் எங்களைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினான். அன்று சாயங்காலமே எங்கள் அறையில் தன் பையன்களின் கட்டிலைப் போட்டுவிட்டான். பாவம், அவனுக்கும் நெருக்கடிதானே.

குவார்ட்டர்ஸ் கேட்டில் பித்தளைப் பலகை பளபளத்தது. 'டாக்டர் அப்துல் ரசாக் குடும்பத்தினர்'. எனக்கு அப்போது டாக்டர் பட்டம் கிடையாது. அதைக்கூட நான் ஒரு நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். எட்டாம் நம்பர் கேட்டில் ஸ்டெல்லா மேடத்தின் பெயர். அவர் ஒரு பாயையும் தண்ணீர் பாட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். நாங்கள் பீரோவை இறக்குவதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்.

"என்னங்க சார், பீரோவெல்லாம் கொண்டாந்துபோட்டீங்க?" என்றார்.

"நீங்க ஏனுங்க மேடம் ஒண்ணும் கொண்டாரல?" என்றேன் நான், பெருமையாக.

அவர் சிரித்தார். "எங்களயெல்லாம் எத்தனையோ மொற கூப்புட்டு உக்கார வெச்சிருக்காங்க சார். எந்திரிக்கச் சொல்றதுக்குள்ள எந்திரிச்சுப் பழகிட்டோமுங்க" என்றார். அவர் ஏதோ சலித்துப்போய்ப் பேசுகிறார், குழுவின் ஒருங்கிணைப்பாளராக அவருக்கு நம்பிக்கை ஊட்டுவது என் கடமை என்று நினைத்துக்கொண்டு, பாதி இறக்கிய கட்டிலின் காலைப் பிடித்தபடியே ஒரு சின்னச் சொற்பொழிவு நிகழ்த்தினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னை இரண்டு அறை விட வேண்டும் போல இருக்கிறது.

பால் காய்ச்சினோம். பள்ளிவாசல் அசரத்து வந்து பாத்தியா ஓதினார். அம்மா ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு நடு வீட்டில் படுத்தாள். விடியும்வரை ஒரு இழுப்புக்கூட இல்லை. காலையில் எழுந்து அவள் தானாகவே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளாளருக்காகக் கையேந்தி துஆ செய்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கமிட்டி வந்தது. அதற்கு முன்பே போட்டோகிராபர் வந்துவிட்டார். எங்களை வாசலில், பித்தளைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை. சார் பார்ப்பதற்கு எல்லாரையும் போலவே இருக்கிறாரே என்று நாச்சிமுத்து அண்ணனிடம் குறைப்பட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குக்கூடக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு போகிறவன் நான். அண்ணன் பாக்கெட்டிலிருந்து வெள்ளைத் தொப்பி ஒன்றை எடுத்தார். விலை ஒட்டியபடியே இருந்தது. நசீமாவிடம் முக்காட்டை நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தொப்பி எனக்கு ஒரு சுற்றுச் சின்னது. சிரித்தால் மேலே ஏறியது. எங்களை எங்களைப் போலவே வேஷம் போடச் சொல்கிறார்களே என்று கோபம் வரவேண்டிய இடம் அது. நான் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கமிட்டி உறுப்பினர்கள் வடக்கத்திக்காரர்கள். அவர்களோடு தாளாளரும் வீட்டுக்குள் வந்தார். அம்மா அரிசிம்பருப்பு சாதம் செய்து, நெய் ஊற்றி, அப்பளத்தோடு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் அதுதான். பெரியவர் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, பிரியாணி இல்லையா என்று ஆங்கிலத்தில் ஏமாற்றத்தோடு கேட்டார். நான் ஏதோ குற்றம் செய்தவன்போல மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் அம்மாவைப் பார்த்து, இங்கே எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொல்ல, அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"முந்தாநேத்துத்தான் வந்தோமுங்க. இனி இந்த ஊடுதானுங்க, நான் மவுத்தாகி மண்ணுக்குப் போற வரைக்கும்" என்றாள் தாளாளரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு. "நீங்களும் உங்க புள்ளகுட்டியும் நல்லா இருக்கோணும்."

தாளாளரின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கமிட்டியிடம் திரும்பி, இந்த அம்மா இங்கே மிகவும் நிம்மதியாக வாழ்ந்துவருவதாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே. மேலதிகாரி சுருக்கமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டி விமானம் ஏறியதற்கு மறுநாள் காலை, ஏணியோடு இருவர் வந்து கேட்டில் இருந்த பலகையின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு பாலீஷ் போடப் போகிறார்கள் என்று நினைத்து, கோட்டைமேட்டில் எங்களுக்குத் தெரிந்த நல்ல பட்டறை இருக்கிறது என்று சொல்லி, அவர்களுக்கு டீயும் கொடுத்தேன். ஸ்டெல்லா மேடம் முந்தின சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார். ஊரில் ஏதோ விசேஷம்போல என்று அதற்கும் எனக்கு ஒரு விளக்கம் இருந்தது.

அப்புறம் நாச்சிமுத்து அண்ணன் வந்தார். அவருக்கும் டீ. குடித்தார். டீ நன்றாக இருக்கிறது என்றார். வேப்பங்காற்று உடம்புக்கு நல்லது என்றார். பிறகு, சாவி ஒன்று ஆபீசில் இருந்தால் தேவலை என்றார். டூப்ளிகேட் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். தாராளமாக அடியுங்கள், நாங்கள் ஒவ்வொரு ரூமாக ஒதுங்கிக்கொள்கிறோம் என்றேன். செப்டிக் டேங்க் வேலை இருக்கிறது என்றார். அது எப்படியும் வெளியில்தானே என்றேன். அந்த மனுசனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. எனக்கு மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. ஏறிவிடக் கூடாது என்று நானே மண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தாள். கையில் படுக்கை விரிப்பு. அதை நிதானமாக நான்காக மடித்தாள்.

"வண்டி எத்தன மணிக்குங்க வருது?" என்றாள் அவரிடம்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "பதினொண்ணுக்குங்கம்மா" என்றார். வண்டி ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. என் ஒருத்தனிடம்தான் சொல்லவில்லை. "நானென்னங்கம்மா பண்றது..." என்று ஆரம்பித்தவரை அம்மா முடிக்கவிடவில்லை. இன்னொரு டீ குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

நசீமா என்னைப் பார்க்கவேயில்லை. கிரைண்டர் கல்லைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறி, நேரே தாளாளர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். நாங்கள் மனிதர்களா, கண்காட்சிப் பொருட்களா என்று ஆரம்பித்து, ராஜினாமாக் கடிதத்தில் முடியும் வசனம். தாளாளர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். காபி வந்தது. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். இந்தத் தடவை நல்ல கிரேடு கிடைத்தால் அது முழுக்க உங்களால்தான் தம்பி என்றார். வீட்டைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள், "அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்றார். நான் எழுந்து நின்று, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வசனத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

பாதிச் சாமானோடு அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஆறேழு மாதம் படுத்துக் கிடந்தோம். பட்டறைத் தூசியில் அம்மாவுக்கு இழுப்பு முன்னைவிட மோசமானது. கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைத்தது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பின்னால் நிஜமாகவே டாக்டர் பட்டம் வாங்கியபிறகு, அந்தப் பித்தளைப் பலகையையாவது கொடுங்கள் என்று நாச்சிமுத்து அண்ணனிடம் கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கமிட்டி வந்துபோன பிறகு வந்த அட்மிஷன் சீசனில் சரவணம்பட்டி சிக்னலுக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கல்லூரியின் பெரிய விளம்பர போர்டு முளைத்தது. அதில் நாங்கள். வேப்பமரம், திறந்த கதவு, பித்தளைப் பலகை, முக்காட்டோடு நசீமா, உலகத்தையே வாழ்த்துகிற முகத்தோடு அம்மா, தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான். 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்று கீழே கொட்டை எழுத்து. வருடா வருடம் புது பெயிண்டோடு அதே படத்தை ஏற்றுகிறார்கள். அந்தப் போர்டுக்குக் கீழேதான் நான் தினமும் சிக்னலில் நிற்கிறேன். ஆமாம், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். சிரிக்காதீர்கள், எனக்கும் வயிறு இருக்கிறது.

மறுபடி வீடு தேடும் படலம். துடியலூரில் ஒரு வீட்டுக்காரர் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். பெயரே கேட்கவில்லை. என் வாழ்க்கையில் பெயர் கேட்காத முதல் வீட்டுக்காரர்.

"சிக்னல்ல போர்டுல இருக்கறது நீங்கதானுங்களே?" என்றார்.

ஆமாங்க என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"காலேஜ்லயே அத்தன நல்ல ஊடு குடுத்திருக்கறாங்க. அத உட்டுப்போட்டு வெளிய எதுக்குங்க சார் அலையறீங்க?" என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். மச்சினனைக் கூப்பிட வேண்டிய வேலைகூட அவருக்கு மிச்சம்.

கடைசியில் அதே சந்தில், பட்டறைக்கு எதிர் மாடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. அங்கேதான் இருக்கிறோம். அம்மா இதை ஒரு நாளும் புலம்பியதில்லை, வேடிக்கையாக்கிவிட்டாள். சரவணம்பட்டி வழியாகப் போனால் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "டே ரசாக்கு, நம்ம ஊட்டப் பூட்டிப்போட்டு வந்தயா?" என்பாள். மழைக்காலத்தில், நம் வீட்டு ஜன்னல் திறந்து கிடக்கிறது, மழை அடிக்கும் என்பாள். இந்தக் கூத்தெல்லாம் முடிந்தபிறகு பிறந்த என் மகள், எங்களுக்கு இரண்டு வீடு என்று ஸ்கூலில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நசீமாவுக்கு மட்டும் இதற்குச் சிரிப்பு வருவதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். படித்தவராக இருக்கிறீர்கள், அம்மாவை ஏன் இன்னும் அந்தத் தூசிக்குள் வைத்திருக்கிறீர்கள், காத்தோட்டமாக ஒரு வீடு பார்க்கக் கூடாதா என்றார். அம்மா குழாயைக் கொஞ்சம் விலக்கி, டாக்டரைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"எம்பையன ஒண்ணுஞ் சொல்லாதீங்க சாமி. எங்களுக்கு நல்ல ஊடு ஒண்ணு இருக்குதுங்க, சரவணம்பட்டி சிக்னலுக்குப் பக்கத்துல. நல்ல காத்து. கொஞ்சம் ஒசரமுங்க, ஏணி வெச்சுத்தான் ஏறோணும்" என்றாள்.